லித்தியத்தைச் சோதித்துப் பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை: ஐசிஎம்ஆருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்,
புது டெல்லி.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். பி.பார்ம் படித்த காலத்தில் உயிர்வேதியியல் மேல் வந்த ஆசை இன்னும் விடவில்லை. கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது கடைக்கு வரும் ஒரு கேள்வி: "சார், லித்தியம் இருக்கா?"

லித்தியம் கேட்டு ஆள் வருவது புதிதில்லை. மனநல மருத்துவர் எழுதிய சீட்டோடு மாதாமாதம் வாங்கிப்போகிற வாடிக்கையாளர்கள் எப்போதும் உண்டு. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு வருகிறவர்கள் வேறு. கையில் சீட்டு இருக்காது, போன் இருக்கும். போனில், லித்தியம் மறதியைச் சரிசெய்யும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இருக்கும். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கும். சிலர் விவரமாக 'லித்தியம் ஓரோட்டேட்' என்றே கேட்கிறார்கள். அது லித்தியத்தின் வேறொரு உப்பு, நம்மிடம் இல்லை, அமெரிக்காவில் சத்து மாத்திரை மாதிரி விற்கிறார்கள் என்று சொன்னால், "சரி, உங்ககிட்ட இருக்கிறதையே கொடுங்க, அதுவும் லித்தியம்தானே" என்கிறார்கள். கொடுப்பதில்லை. டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். ஆனால் அந்த டாக்டரிடமும் உறுதியான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்த அளவு லித்தியம் உதவுமா உதவாதா என்பதை அரசுச் செலவில், முறையாக, பெரிய அளவில் ஐசிஎம்ஆர் சோதித்துச் சொல்ல வேண்டும். ஏன் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் இது திறந்த மடல். அந்த வாட்ஸ்அப்பை நம்பி வருகிறவர்களும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஹார்வர்டின் புரூஸ் யாங்க்னர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளில் 27 உலோகங்களை அளந்து பார்த்தார்கள். லேசான மறதியோடு இருந்தவர்கள், அல்சைமர் என்ற மறதி நோய் முற்றியவர்கள் என இரு தரப்பிலும் தெளிவாகக் குறைந்திருந்தது லித்தியம் ஒன்றுதான். மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகள் லித்தியத்தைத் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்கின்றன என்றும் காட்டினார்கள். லித்தியம் குறைந்த தீனி கொடுத்த எலிகளுக்குப் படிவு கூடியது, ஞாபகம் மங்கியது. படிவுகளிடம் எளிதில் சிக்காத ஓரோட்டேட் உப்பாக மிகச் சிறிய அளவில் லித்தியத்தைக் கொடுத்ததும் அந்தப் பாதிப்புகள் பின்வாங்கின. எல்லாம் எலிகளில். வாட்ஸ்அப்பில் சுற்றி வரும்போது இந்தக் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகின்றன.

லித்தியம் குறைந்தால் மூளைக்கு ஏன் கேடு என்று தேடிய அந்தக் குழு கடைசியில் கைகாட்டியது ஒரு கைனேஸை. அதன் பெயர் ஜிஎஸ்கே-3 பீட்டா. அல்சைமர் பற்றிப் படிக்கிற எவருக்கும் அது பழைய பெயர்.

கைனேஸ் என்கிற நொதிக்கு ஒரே வேலை. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு மூலக்கூறில் மாட்டும். புரதக் கைனேஸ் என்றால் ஒரு புரதத்தில் குறிப்பிட்ட இடத்தில் மாட்டும். மாட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம், வேகம், யாரோடு சேர்கிறது என்பதெல்லாம் மாறிவிடும். மாட்டியதைக் கழற்ற பாஸ்பேட்டேஸ் என்று வேறு நொதிகள் இருக்கின்றன. 1950களில் சியாட்டிலில் தசையை வைத்து எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் கண்டுபிடித்த இந்த விஷயத்துக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் 500க்கு மேற்பட்ட புரதக் கைனேஸ்கள் இருக்கின்றன.

இதற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு? அலோயிஸ் அல்சைமர் 1906இல் அவுகுஸ்டே டெட்டர் என்ற பெண்மணியின் மூளையில் இரண்டைப் பார்த்தார்: செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட இழைக் கொத்துகள். அந்த இழை எதனால் ஆனது என்று தெரிய 80 வருடம் ஆனது. 1986இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த இன்ஜே குருண்ட்கே-இக்பால், காலித் இக்பால் தம்பதியின் குழு, அது அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறிய டௌ புரதம் என்று சொன்னது. நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்கு போக நுண்குழாய்கள் தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன. டௌ அந்தத் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கட்டை. பாஸ்பேட் ஏற ஏறப் பிடி தளர்கிறது. கழன்ற டௌக்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு செல்லையே அடைத்துவிடுகின்றன. டௌவின் நீளமான வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள். அதில் பாஸ்பேட் மாட்ட வசதியான இடங்கள் 85.

மாட்டுவது யார்? 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூளைச் சாற்றிலிருந்து டௌவில் பாஸ்பேட் மாட்டும் இரண்டு கைனேஸ்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று சிடிகே-5. மற்றது ஏற்கெனவே வேறு இடத்தில் பிடிபட்டிருந்தது. 1980இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஃபிலிப் கோஹன் ஆய்வகம், உடல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிப்பதற்குக் கடிவாளம் போடும் நொதியாக அதைக் கண்டிருந்தது. சர்க்கரைக் கணக்கில் சிக்கிய அதே ஜிஎஸ்கே-3 மூளையிலும் வேலை பார்க்கிறது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, எனக்கு மிகவும் பிடித்தது. 2003இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் தாமஸ் ஆரெண்ட் குழு, குளிர்கால உறக்கத்தில் கிடந்த தரை அணில்களின் மூளையைப் பார்த்தது. அல்சைமர் மூளையைப் போலவே அவற்றின் டௌவிலும் பாஸ்பேட் ஏறிக் கிடந்தது. நரம்பு இணைப்புகளும் சுருங்கியிருந்தன. அணில் விழித்ததும் பாஸ்பேட் இறங்கிவிட்டது, இணைப்புகளும் திரும்பிவிட்டன. பாஸ்பேட் ஏறுவது ஒருவழிப் பாதை இல்லை என்று இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. கைனேஸைக் கொஞ்சம் அடக்கினால் மனித மூளையிலும் நடக்குமா என்ற ஆசை மருந்து ஆய்வாளர்களுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

லித்தியம் இந்தக் கதைக்குள் வந்தது 1996இல். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949இலேயே அதை மன எழுச்சி நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டிருந்தார். எப்படி வேலை செய்கிறது என்றுதான் பிடிபடாமல் இருந்தது. பீட்டர் கிளைனும் டக்ளஸ் மெல்டனும் லித்தியம் நேரடியாக ஜிஎஸ்கே-3ஐ அடக்குகிறது என்று காட்டினார்கள். அந்தக் கைனேஸ் இயங்க மெக்னீசியம் வேண்டும்; அந்த இடத்துக்கு லித்தியம் போட்டிக்கு வந்துவிடுகிறது. நம் கடை அலமாரியில் சில ரூபாய்க்குக் கிடக்கிற மாத்திரை, அல்சைமரில் சந்தேகப்படும் கைனேஸ் மேலேயே கை வைக்கிறது.

அப்புறம் ஏன் முப்பது வருடமாக யாரும் முடிவு சொல்லவில்லை? நியாயமான காரணங்களும் உண்டு. கைனேஸை அடக்குவது சுலபமான காரியமில்லை. 500க்கு மேற்பட்ட கைனேஸ்களும் ஏடிபியைப் பிடிக்கும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை அடைக்கப் போனால் பக்கத்தில் நாலு அடைபடும். ஜிஎஸ்கே-3 உடம்பில் இல்லாத இடமே இல்லை. அதை முழுதாக அடைத்தால் செல் பெருக்கத்தைத் தூண்டும் பாதைகள் கட்டவிழும் என்ற பயம் உண்டு. புற்றுநோயில் உயிர் போகிற நேரத்தில் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு வருடக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்தில் அந்தச் சலுகை கிடையாது.

முயற்சி நடக்காமலும் இல்லை. ஸ்பெயினின் நோசிரா நிறுவனம் ஜிஎஸ்கே-3ஐ அடைக்கும் டைடெக்ளூசிப்பை 306 அல்சைமர் நோயாளிகளை வைத்து 26 வாரம் சோதித்துப் பார்த்தது. பலன் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்டிரிட்மேட்டர், ஃபின் என்ற இன்னொரு கைனேஸைக் குறிவைத்து, புற்றுநோய்க்கு உருவாக்கிப் பயன்படாமல் கிடந்த சாரகாடினிப்பை 159 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்தார். 2019இல் வந்த முடிவு அதுவும் உதவவில்லை என்றது. நாய்களின் தோல் கட்டிக்குக் கொடுக்கும் மாசிடினிப் ஒரு சோதனையில் லேசான பலன் காட்டியிருக்கிறது. அதை இன்னொரு பெரிய சோதனை உறுதிசெய்தால்தான் நம்பலாம்.

லித்தியத்தின் கதை இன்னும் குழப்பம். ஜெர்மனியில் ஹரால்ட் ஹாம்பெல் குழு 2009இல் 71 நோயாளிகளை வைத்துப் பார்த்தது, எதுவும் மாறவில்லை. ஆனால் அந்தச் சோதனையின் நீளம் வெறும் 10 வாரம். மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வளரும் நோயை பத்து வாரத்தில் என்ன எடைபோட முடியும்? பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரெஸ்டெஸ் ஃபோர்லென்சா குழு 2011இல் வெளியிட்ட சோதனையில், லேசான மறதி இருந்த 45 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு வருடம், மனநோய்க்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். தண்டுவட நீரில் பாஸ்பேட் ஏறிய டௌ குறைந்தது, நினைவுத்திறனும் ஓரளவு தாக்குப்பிடித்தது. டென்மார்க்கில் குடிநீரில் லித்தியம் கூடுதலாக இருந்த பகுதிகளில் மறதி நோய் குறைவு என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அது தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. ஆக, ஒரு பக்கம் ரொம்பக் குறுகிய சோதனை, இன்னொரு பக்கம் ரொம்பச் சின்ன சோதனை. இதற்கு மேல் பெரிதாக, நீளமாக ஒன்றை நடத்தக் காசு வேண்டும்.

அந்தக் காசை யார் போடுவார்கள் என்பதுதான் கேள்வி. கைனேஸ் மருந்துகளின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நீங்கள் அறிவீர்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப், கைனேஸை அடைத்து நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டிய மருந்து; 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு சுவிஸ் கம்பெனியான நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பு உறுதியானது. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் சொன்ன மருந்தை நம் கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தன. அது நமக்கு நல்லதாகப் போயிற்று, சந்தேகமே இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்புரிமை கிடைக்காத இடத்தில் எந்தக் கம்பெனியும் சோதனைக்குச் செலவழிக்காது. லித்தியம் பூமியில் தோண்டி எடுக்கிற உப்பு. அதில் லாபம் பார்க்க வழியே இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், வியாபாரம் அப்படித்தான்.

அரசு செய்யாவிட்டால் என்ன மிச்சம்? லெகனெமாப் போன்ற அமிலாய்டு எதிர்ப்பு ஊசிகள். சோதனையில் லெகனெமாப் 18 மாதத்தில் நோய் மோசமாகும் வேகத்தை 27% குறைத்தது. அறிவியலாகப் பார்த்தால் அது சாதனைதான். விலை? அறிமுகமானபோது அமெரிக்காவில் வருடத்துக்கு 26,500 டாலர். அதோடு தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீங்குகிறதா என்று அவ்வப்போது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4% பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக, முதியவர்களை நாடு முழுக்கப் பார்த்த எல்ஏஎஸ்ஐ-டேட் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் அந்த ஊசி வரை போக முடியும் என்று எழுதவே வேண்டாம்.

இப்போது சோதிப்பதற்கு முன்பு இல்லாத ஒரு வசதியும் வந்திருக்கிறது. டௌவின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய துண்டுகளைக் கை ரத்தத்திலேயே அளக்க முடிகிறது. இதை அடிப்படையாகக் கொண்ட ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. கைனேஸ் மாட்டிய பாஸ்பேட்டைத்தான் அந்தக் கருவி எண்ணுகிறது. முதுகுத்தண்டில் ஊசி போடத் தேவையில்லை. ஞாபக மறதி என்று வருகிறவர்களில் யாருக்கு உண்மையில் அல்சைமர், யாருக்கு பி12 குறைவோ மனச்சோர்வோ என்று பிரிக்க இது உதவும். லித்தியம் கொடுத்த பிறகு அந்த அளவு இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்க்கவும் உதவும். அமிலாய்டின் பாதிப்பும் இந்த எண்ணில் கலந்திருக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நினைவுத்திறனையும் அன்றாட வேலைகளையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

என் மனதில் இருக்கும் சோதனை இதுதான்: லேசான மறதியும், ரத்தத்தில் அந்த 217 டௌவின் உயர்வும் உள்ளவர்கள். குறைந்தது இரண்டு வருடம். ஒரு பாதிக்குக் குறைந்த அளவு லித்தியம், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாமல். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் ஆரம்பத்திலிருந்தே கண்காணிக்க வேண்டும். மருந்துத் தரத்தில் தயாரிக்க முடிந்தால் ஓரோட்டேட்டையும் ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். ஆட்களுக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. கோலார் மாவட்டத்தின் ஸ்ரீனிவாசபுரா கிராமங்களில் மூளை ஆராய்ச்சி மையம் வருடக்கணக்கில் முதியவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் மறதி நோயாளிகளுக்குச் சேவை செய்கிறது.

உங்கள் அமைப்புக்கு இது பழக்கமில்லாத வேலையும் இல்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், காசநோயாளியை சானடோரியத்தில் வைத்துப் பார்த்தாலும் வீட்டில் வைத்து மாத்திரை கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்று 1959இல் காட்டியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அதிலும் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. 2020இல் கொரோனாவுக்கு பிளாஸ்மா, பிளாஸ்மா என்று ஊரே அலைந்தபோது நீங்கள் 39 மருத்துவமனைகளில் 464 பேரை வைத்துச் சோதித்து, பெரிய பலன் இல்லை என்று சொன்னீர்கள். லித்தியத்துக்கும் அதே பதில் வந்தால் எனக்கு வருத்தமில்லை. "இல்லைங்க, இது உதவாதுன்னு பார்த்துட்டாங்க" என்று தைரியமாகச் சொல்லி அனுப்புவேன்.

சோதனை தொடங்கவே சில வருடம் ஆகும், அதுவும் தெரியும். ஆனால் ஒரு வேலை அதுவரை காத்திருக்க முடியாது. லித்தியம் கேட்டு வருகிறவர் வீட்டு முதியவரின் சீட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிபி மாத்திரை. அப்புறம் மூட்டுவலிக்கு அசிக்ளோஃபெனாக். இந்த மூன்றுமே சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, ரத்தத்தில் அதை ஏற்றிவிடக்கூடியவை. அதோடு சித்திரை வெயிலில் வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் இருந்தால் கேட்கவே வேண்டாம். பயனுக்கும் நஞ்சுக்கும் நடுவே லித்தியத்தில் இடைவெளி மிகக் குறைவு. நஞ்சாகும்போது கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் குழம்பிப் போவார். ஏற்கெனவே மறதி இருக்கிறவருக்கு இது வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? 'நோய் முற்றிவிட்டது' என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள்.

சீட்டில்லாமல் நான் கொடுக்க மாட்டேன். எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஓரோட்டேட் ஆன்லைனில் கிடைக்கிறதா என்று தேடுகிறவர்களையும் நான் தடுக்க முடியாது. ஆகவே சோதனைக்கு முன்பே, இந்த மாதமே, ஒரு பக்க அறிவிப்பு வெளியிடுங்கள். மறதிக்கு லித்தியம் மனிதர்களில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே மனநோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்தவும் கூடாது. எந்தெந்த பிபி மாத்திரை, வலி மாத்திரையோடு அது மோதும் என்று ஒரு பட்டியல். தமிழிலும் மற்ற மொழிகளிலும் வேண்டும். பட்டியலில் மருந்தின் பெயர் ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் அச்சிட்டிருப்பது போலவே இருக்கட்டும், அப்போதுதான் வீட்டில் இருக்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழியாக அனுப்பினால் எங்கள் சங்கங்கள் மூலம் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருந்துக்கடை மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை.